வீட்டா விற்கவில்லை என்றால் லிவர்பூலில் ஏன் கதவு மூடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோனி மாதிரி ஒரு பெரிய நிறுவனத்தின் கையடக்கக் கன்சோல் ஒன்று சரியாகப் போகவில்லை என்றால், நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமே? அதற்கும் ஸ்டுடியோக்களை மூடுவதற்கும் என்ன சம்பந்தம்? பிளேஸ்டேஷன் வீட்டா என்ற அந்தக் கன்சோல் நன்றாக விற்றிருந்தால், சோனி மூடிய ஸ்டுடியோ லிவர்பூல் என்ற கேம் ஸ்டுடியோ இன்றும் இருந்திருக்குமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டா தோற்றது, அதனால் அதற்கு கேம் செய்த ஸ்டுடியோக்களை மூடினார்கள் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரி நிற்காது. வீட்டா ஜப்பானில் 2011 டிசம்பர் 17 அன்று வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2012 பிப்ரவரியில். சோனிக்குச் சொந்தமான பிக்பிக் என்ற பிரிட்டிஷ் ஸ்டுடியோ வீட்டாவின் தொடக்க நாள் கேம்களில் ஒன்றான லிட்டில் டீவியன்ட்ஸைச் செய்தது. அந்த ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது 2012 ஜனவரியில். அதாவது தங்கள் நாட்டுக் கடைகளில் கருவியே இறங்காதபோது அவர்களுக்கு வேலை போய்விட்டது. அமெரிக்காவில் சோனியின் இன்னொரு ஸ்டுடியோவான ஸிப்பர் இன்டராக்டிவ் 'யூனிட் 13' என்ற வீட்டா கேமை மார்ச் 6 அன்று வெளியிட்டது. அதே மார்ச் முடிவதற்குள் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். மூன்று வார விற்பனையைப் பார்த்து யாரும் அப்படி ஒரு முடிவை எடுப்பதில்லை.

ஸிப்பரின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இவர்கள் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ராணுவ கேம்களில் பெயர் வாங்கியவர்கள். பிஎஸ்3 என்ற பிளேஸ்டேஷன் 3-க்கு ஒரே களத்தில் 256 பேர் மோதும் 'மேக்' செய்தார்கள். பிறகு 'சோகாம் 4'. அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2011 ஏப்ரல் 19. மறுநாள், ஏப்ரல் 20, ஹேக்கர்கள் புகுந்ததால் சோனி தன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் முழுவதையும் இழுத்து மூடியது. மூன்று வாரத்துக்கும் மேல் அது எழவில்லை. இணையத்தில் கூடி ஆடத்தான் இருக்கிற ஒரு கேம், வந்த மறுநாளே இணையம் இல்லாமல் நின்றது. அந்த அடியோடுதான் அவர்கள் வீட்டாவுக்கு வந்தார்கள். ஆக, வீட்டா அவர்களை வீழ்த்தவில்லை. வந்து சேரும்போதே அவர்கள் காலடியில் மண் சரிந்துகொண்டிருந்தது.

சோனிக்கே அப்போது வீடு பற்றி எரிந்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர நஷ்டம் சுமார் 45,700 கோடி யென். டிவி வியாபாரம் ரத்தம் கக்கியது, ஜப்பானில் பூகம்பம், தாய்லாந்தில் வெள்ளம், நடுவில் அந்த நெட்வொர்க் ஹேக். அந்த ஏப்ரலில் கஸுவோ ஹிராய் தலைவராகப் பொறுப்பேற்றார். எங்கே வெட்டலாம் என்று எல்லாத் துறையிலும் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்படியானால் வீட்டாவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு வழியாக வருகிறது. கையடக்கக் கன்சோல் தடுமாறும்போது யார் அடிபடுவார்கள் என்பது, அந்தக் கருவிக்கு யாரை அனுப்பினார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நான் சொல்ல வருவதே இதுதான்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு ஸ்டுடியோவில் 80 பேர், இரண்டு வருட வேலை, ஓர் ஆளுக்கு மாதம் எல்லாம் சேர்த்து 10,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் கைக்கணக்கு, எந்த ஸ்டுடியோவின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. மொத்தம் 1 கோடியே 92 லட்சம் டாலர். 40 டாலருக்கு விற்கும் கேமில் கடைக்காரர் பங்கு, தயாரிப்பு, விநியோகம் போக 25 டாலர் கைக்கு வருகிறது என்றால், விளம்பரச் செலவைச் சேர்க்காமலே, போட்ட காசை எடுக்க ஏறத்தாழ 7,70,000 பிரதி போக வேண்டும். சோனியின் முந்தைய கையடக்கமான பிஎஸ்பி மாதிரி சுமார் 8 கோடி கருவி விற்ற இடத்தில் நூற்றில் ஒருவர் வாங்கினால் போதும். 40 லட்சம் கருவிதான் மக்கள் கையில் என்றால் ஐந்தில் ஒருவர் வாங்கியாக வேண்டும். அப்படி விற்கும் கேம் உலகத்திலேயே அபூர்வம். வீட்டா எத்தனை விற்றது என்பதைச் சோனி ஒரு கட்டத்துக்குப் பிறகு தனியாகச் சொல்வதையே நிறுத்திவிட்டது. 2012 ஜூன் இறுதியில் அவர்கள் சொன்ன எண்ணிக்கை 22 லட்சம். ஜப்பானில் முதல் வாரம் மூன்று லட்சத்துக்கு மேல் போனது, இரண்டாவது வாரத்தில் 75,000-ஐக்கூடத் தொடவில்லை.

இந்தக் கணக்கைப் படிக்க வெளியே இருக்கும் நிறுவனங்களுக்கும் தெரியும். ஆகவே அவர்கள் வரமாட்டார்கள், அல்லது வந்தவர்கள் நழுவுவார்கள். கன்சோலை நடத்தும் நிறுவனத்துக்கு உண்மையான லாபமே வெளி நிறுவனங்களின் ஒவ்வொரு விற்பனையிலும் எடுக்கும் பங்குதான். அது வற்றினால், சொந்த ஸ்டுடியோக்கள் நஷ்டமானாலும் கேம் செய்து கருவியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எத்தனை நாள் பிடிப்பது என்பதுதான் அப்புறம் எழும் கேள்வி.

இதே கேள்வி வீட்டா வருவதற்குச் சில மாதங்கள் முன்பே நின்டெண்டோவின் முன்னாலும் நின்றது. அதை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால்தான் சோனி செய்ததன் அர்த்தம் பிடிபடும்.

நின்டெண்டோவின் கையடக்கமான 3டிஎஸ் 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. அமெரிக்காவில் 250 டாலர். தொடக்கக் கூட்டம் கலைந்ததும் விற்பனை படுத்துவிட்டது. அந்த ஜூனில் சோனி வீட்டாவின் விலையை மேடையில் அறிவித்தது: அதே 250 டாலர். இவ்வளவு சக்தியுள்ள கருவி, இவ்வளவு பெரிய ஓலெட் திரை, அதே விலையா என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். இரண்டே மாதத்தில் ஆட்டம் மாறியது. ஆகஸ்டில் நின்டெண்டோ 3டிஎஸ்ஸை ஜப்பானில் 15,000 யென்னுக்கும் அமெரிக்காவில் 170 டாலருக்கும் இறக்கியது. ஒவ்வொரு கருவியிலும் கைக்காசு போகும் என்று தெரிந்தே செய்தார்கள். தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களைச் சும்மா கொடுத்தார்கள். அந்த நிதியாண்டில் நின்டெண்டோ செயல்பாட்டு நஷ்டத்தையும் காட்டியது.

விலைக்குறைப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆட்களை எங்கே நிறுத்தினார்கள் என்பது. 2011 நவம்பரில் வந்த சூப்பர் மாரியோ 3டி லேண்டைச் செய்தது டோக்கியோ அணி, வீ கன்சோலில் மாரியோ கேலக்ஸியைச் செய்த அதே அணி. டிசம்பரில் மாரியோ கார்ட் 7. வீட்டில் இருந்த சிறந்த சமையல்காரர்களை எல்லாம் அந்தப் பந்திக்கே அனுப்பினார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வீ ஓய்ந்துகொண்டிருந்தது, அதன் வாரிசு வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. கையடக்கம்தான் அடுப்பில் எரியும் ஒரே விறகு. கடைசியில் 3டிஎஸ் 7.5 கோடியைத் தாண்டியது.

சோனியோ இரண்டு அடுப்பு வைத்திருந்தது. பிஎஸ்3 ஓடிக்கொண்டிருந்தது, பிஎஸ்4 பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. வீட்டாவின் தொடக்க நாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெரிய துருப்புச் சீட்டு அன்சார்டட் வரிசையில் ஒரு புதிய கேம். ஆனால் அதைச் செய்தது அந்த வரிசையை உருவாக்கிய நாட்டி டாக் இல்லை. ஓரிகனில் இருக்கும் பெண்ட் ஸ்டுடியோ. நாட்டி டாக் பெரிய கன்சோலை விட்டு நகரவே இல்லை. கில்ஸோன் என்ற துப்பாக்கி கேம் வரிசை வீட்டாவுக்கு வந்தபோது, அதை உருவாக்கிய ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா ஸ்டுடியோ இல்லை, பழைய கேம்பிரிட்ஜ் ஸ்டுடியோவுக்கு கெரில்லா கேம்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றி அவர்களிடம் கொடுத்தார்கள். ரெசிஸ்டன்ஸ் என்ற இன்னொரு கேம் வரிசையைச் சொந்த ஸ்டுடியோவிடம்கூடக் கொடுக்கவில்லை. நிஹிலிஸ்டிக் என்ற வெளி நிறுவனம் 2012 மே மாதம் அதை வெளியிட்டது, அதே நிறுவனமே நவம்பரில் வீட்டாவுக்கான கால் ஆஃப் டியூட்டியையும் வெளியிட்டது. ஆறு மாதத்தில் இரண்டு பெரிய பெயர்கள், ஒரே சிறு நிறுவனத்தின் தலையில். இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெண்ட், பிக்பிக், கேம்பிரிட்ஜ், லிவர்பூல் எல்லோரும் பிஎஸ்பியில் கை பழகியவர்கள். சிஃபான் ஃபில்டர், வைப்அவுட் மாதிரி கேம்களை அந்தச் சின்னத் திரையில் பிரமாதமாக ஓட்டிக் காட்டியவர்கள். கையடக்க வேலைக்கு அவர்களை அனுப்பியதில் தப்பே இல்லை. ஆனால் ஒருவரை ஒரு துறையில் நிபுணர் என்று நிறுத்திவைத்துவிட்டு, பிறகு அந்தத் துறையையே மூடினால் அந்த நிபுணருக்கு என்ன ஆகும்? வெட்டுப் பட்டியல் எழுதும்போது பெரிய கன்சோலில் அண்மையில் ஒரு வெற்றி காட்டியவரின் பெயரை யாரும் எழுதுவதில்லை. வீட்டாவிலிருந்தவர்களிடம் காட்ட அப்படி எதுவும் இல்லை. அதைக் காட்டும் வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த கேம்களை இன்று எடுத்து ஆடினால் இன்னொன்றும் தெரியும். புதிய கருவிக்கு முதலில் அனுப்பப்படுகிறவர்களுக்கு கேம் செய்யும் வேலையோடு கருவியை விளம்பரம் செய்யும் வேலையும் தலையில் ஏறுகிறது. வீட்டாவுக்கு முன்னால் தொடுதிரை, பின்னால் ஒரு தொடுபலகை, இரண்டு கேமரா, சாய்த்தால் உணரும் சென்சார். எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். அன்சார்டட்: கோல்டன் அபிஸில் ஓர் இடத்தில் பழைய காகிதம் ஒன்று கிடைக்கும். அதில் மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்க வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். எந்த வெளிச்சம்? உங்கள் அறையின் நிஜ வெளிச்சம்! கருவியின் பின் கேமராவை விளக்கை நோக்கித் திருப்பினால்தான் எழுத்து தெரியும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஆடுகிறவர் எழுந்து போய் ஸ்விட்சைப் போட வேண்டும். பேருந்தில் இருப்பவர் ஜன்னலைத் தேட வேண்டும். அப்புறம் விரலால் கரியைத் தேய்ப்பது, அழுக்கைத் துடைப்பது என்று நிறைய. கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் வந்து தோளைத் தட்டி இதையும் பாருங்கள் சார் என்பது போல இருக்கும்.

லிவர்பூலுக்கு வருகிறேன். 1984-இல் சைக்னோசிஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், அமிகா கணினி காலத்து ஆந்தைச் சின்னத்தை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். 1993-இல் சோனி வாங்கியது. 1995-இல் ஐரோப்பாவில் முதல் பிளேஸ்டேஷன் இறங்கியபோது அதோடு வந்த வைப்அவுட் என்ற ரேஸ் கேம் இவர்களுடையது. பிளேஸ்டேஷன் சிறுவர்களுக்கு மட்டும் இல்லை, இரவு விடுதிக்குப் போகும் இளைஞர்களுக்கும்தான் என்று ஐரோப்பாவில் நிறுவிக் காட்டியதில் அந்த கேமுக்குப் பெரிய பங்குண்டு. பிஎஸ்பி வந்தபோதும் வைப்அவுட், வீட்டா வந்தபோதும் வைப்அவுட் 2048. திரை எவ்வளவு அழகு என்று காட்ட யாராவது வேண்டுமென்றால் லிவர்பூலைக் கூப்பிடுவார்கள். 2012 ஆகஸ்ட் 22 அன்று அந்த ஸ்டுடியோவை மூடினார்கள். கருவி ஐரோப்பாவுக்கு வந்து சரியாக ஆறு மாதம்.

வீட்டா மூன்று கோடி விற்றிருந்தாலும் அவர்கள் தப்பியிருப்பார்களா என்று கேட்டால், கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும் என்பதுதான் என் கணிப்பு. சோனி அப்போதே ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது: எண்ணிக்கையில் குறைவான கேம்கள், ஒவ்வொன்றும் மிகப் பெரியதாக. வருடத்துக்கு ஒரு நடுத்தர கேம் செய்யும் ஸ்டுடியோவுக்கு அந்தத் திட்டத்தில் இடம் குறைவு. கையடக்கம் நன்றாக ஓடியிருந்தால் அந்த நடுத்தர கேம்களுக்கு ஒரு வீடு இருந்திருக்கும். அதுதான் போனது. கையடக்கக் கன்சோல் என்பது ஒரு கருவி மட்டும் இல்லை, நிறுவனத்துக்குள்ளேயே சின்ன பட்ஜெட்டில் வேலை செய்ய ஒரு காரணம். நாற்பது பேர் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் ஒன்று செய்கிறோம் என்று கேட்டால் சரி என்று சொல்ல மேலே இருப்பவருக்கு ஒரு சாக்கு. கருவி போனதும் அந்தச் சாக்கும் போகிறது.

இதற்கு நல்ல சாட்சி, சோனியின் மீடியா மாலிக்யூல் ஸ்டுடியோ செய்த டேரவே என்ற வீட்டா கேம். 2013 நவம்பரில் வந்தது. முழு உலகமும் காகிதத்தால் ஆனது. பின்னால் இருக்கும் தொடுபலகையில் விரலை அழுத்தினால், திரையில் காகிதத் தரை கிழிந்து உங்கள் விரல் உள்ளே முளைத்து வரும். முன் கேமரா உங்கள் முகத்தை எடுத்து அந்த உலகத்துச் சூரியனுக்குள் வைக்கும். பெண்ட் ஸ்டுடியோ கஷ்டப்பட்டுத் திணித்ததை இவர்கள் கேமின் உயிராகவே ஆக்கிவிட்டார்கள். மூன்று பாஃப்டா விருது கிடைத்தது. அப்படியும் அதைப் பார்த்து யாரும் கருவி வாங்க ஓடவில்லை. 2015-இல் பிஎஸ்4-க்கு மாற்றி எழுதினார்கள். பின் தொடுபலகை அங்கே இல்லை, ஆகவே விரல் போய், கன்ட்ரோலரில் எரியும் விளக்கை டார்ச் போல அடிப்பது வந்தது. நல்ல கேம்தான். ஆனால் கையில் பிடித்திருக்கும் பொருளுக்குள்ளேயே நம் விரல் நுழைகிறது என்ற அந்தக் குறுகுறுப்பு டிவியில் வராது.

கிராவிட்டி ரஷ் என்ற கேமின் பாதையும் அதேதான். சோனியின் டோக்கியோ ஸ்டுடியோவான ஜப்பான் ஸ்டுடியோவில் கேய்ச்சிரோ டோயாமாவின் அணி முதலில் பிஎஸ்3-க்காக யோசித்து, பிறகு வீட்டாவுக்குக் கொண்டுபோய், 2012-இல் வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகம் 2017-இல் பிஎஸ்4-இல் வந்தது. கையடக்கத்தின் அளவுக்கு வெட்டித் தைத்த ஓர் உலகத்தைப் பெரிய கன்சோலின் அளவுக்கு விரித்தார்கள், செலவும் அதோடு விரிந்திருக்கும்.

ஜப்பான் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் வீட்டாவின் மிகப் பெரிய சேதம் லிவர்பூலில் இல்லை, டோக்கியோவில்.

பிஎஸ்பி ஜப்பானில் வாழ்ந்ததே மான்ஸ்டர் ஹன்டரால். பள்ளி முடிந்து நான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தலை நிமிராமல் ஒரே மிருகத்தை வேட்டையாடிக்கொண்டிருப்பார்கள். வீட்டா வந்தால் அடுத்த மான்ஸ்டர் ஹன்டர் அதில்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 2011 செப்டம்பரில் நின்டெண்டோ ஒரு கூட்டம் போட்டு, மான்ஸ்டர் ஹன்டர் 4 தங்கள் 3டிஎஸ்ஸுக்கு என்று அறிவித்தது. அது போதாதென்று டிசம்பர் 10 அன்று, வீட்டா வருவதற்கு ஒரே வாரம் முன்னால், 3டிஎஸ்ஸில் மான்ஸ்டர் ஹன்டர் 3ஜி கடைக்கு வந்தது. சோனி சும்மா இருக்கவில்லை. சோல் சாக்ரிஃபைஸ், ஃப்ரீடம் வார்ஸ் என்று அதே வகையில் காசு போட்டு கேம்கள் செய்ய வைத்தது. மோசமில்லை. ஆனால் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடும் கேமில், நான்கு பேரிடமும் அதே கருவி இருக்க வேண்டும். ஒருவன் மாறினால் நால்வரும் மாறுவார்கள்.

இன்னொரு பக்கம் 2012 பிப்ரவரி 20 அன்று, மேற்கில் வீட்டா வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜப்பானில் ஐபோனுக்கு பஸில் அண்ட் டிராகன்ஸ் என்ற இலவச கேம் வந்தது. ரயிலில் நின்றபடி ஒரு கையால் ஆடலாம். அதற்குப் பிறகு போன் கேம்கள் எப்படி ஓடின என்பது உலகத்துக்கே தெரியும்.

பெட்டிக்கு வெளியே இருந்த இந்த எதிரிகளோடு, சோனி பெட்டிக்குள்ளேயே ஒன்றை வைத்தது. மெமரி கார்டு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், வீட்டாவைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. அமெரிக்காவில் 32 ஜிபி கார்டு 100 டாலர், அதாவது கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. பிஎஸ்பியில் திருட்டு கேம்கள் தலைவிரித்தாடியதால் வந்த பயம் அது. முதல் மாடலில் சேமிக்க உள்ளே இடமும் இல்லை, எனவே சில கேம்களைக் கடையில் பெட்டியாக வாங்கினாலும் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு கார்டு வேண்டும். திருடனுக்குப் பயந்து வாசலை இவ்வளவு சின்னதாக வைத்தால் விருந்தாளியும் உள்ளே வரமுடியாது.

சரி, 2015-க்கு வருவோம். அதற்குள் வீட்டாவின் வேலையே மாறிவிட்டிருந்தது. 2013 கடைசியில் பிஎஸ்4 வந்தபோது, அதன் கேம்களை வைஃபை வழியாகக் கையில் வைத்து ஆட உதவும் துணைத் திரையாக வீட்டாவைக் காட்டினார்கள். தனிக்குடித்தனம் நடத்தியவர் அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு வந்த கதை. 2015 இலையுதிர் காலத்தில் ஸ்டுடியோக்களின் தலைவர் ஷுஹெய் யோஷிடா, மொபைல் கேம்களின் ஆதிக்கத்தால் இனி ஒரு கையடக்கத்துக்குச் சூழல் சரியில்லை என்று மேடையிலேயே சொன்னார். ஏறத்தாழ அதே சமயத்தில், சொந்த ஸ்டுடியோக்களில் வீட்டாவுக்கு எதுவும் தயாராகவில்லை என்பதும் நிறுவனத்தின் வாயாலேயே வந்தது.

வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்காரர் காலிசெய்த பிறகும் குடியிருந்தவர்கள் போகவில்லை. ஃபால்காம், ஸ்பைக் சுன்சாஃப்ட் மாதிரி ஜப்பானிய நிறுவனங்கள், ஐரோப்பாவின் சின்னச் சின்னச் சுயேச்சை (இண்டி) அணிகள் தொடர்ந்து வந்தார்கள். பெர்சோனா 4 கோல்டன் ஒன்றுக்காகவே கருவி வாங்கியவர்கள் உண்டு. பத்துப் பேர் உள்ள ஓர் அணிக்கு 50,000 பிரதி விற்றாலே விருந்து. நான் மேலே போட்ட 80 பேர் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. லிமிடெட் ரன் கேம்ஸ் என்ற நிறுவனம் சில ஆயிரம் பிரதி மட்டும் அச்சடித்து விற்று வீட்டாவின் கடைசிக் காலத்தில் ஒரு வியாபாரத்தையே கட்டியது. ஜப்பானில் 2019 மார்ச் வரை உற்பத்தி நீடித்தது. தோல்வி என்பது பெரிய பட்ஜெட்டின் அளவுகோலில்தான் தோல்வி.

அந்த அளவுகோல்தான் டோக்கியோவில் இறங்கியது. ஜப்பானியர்கள் கேம் ஆடுவது கையடக்கத்திலும் போனிலும் என்று ஆகிவிட்ட பிறகு, கையடக்கத்தை விட்ட நிறுவனம் சொந்த நாட்டுச் சந்தையிலிருந்தே ஓரடி பின்வாங்குகிறது. 2016 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் வியாபாரத்தின் தலைமையகம் கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ ஆனது. 2020-இல் டோயாமா வெளியேறி சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். 2021 ஏப்ரலில் ஜப்பான் ஸ்டுடியோவைக் கலைத்து, அதிலிருந்து டீம் அசோபி என்ற அணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டாதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜப்பான் ஸ்டுடியோவின் கையெழுத்தான விசித்திரமான, நடுத்தர அளவு கேம்களுக்குக் கடைசியாக இருந்த வீடு அந்தக் கருவிதான். இதற்கு நடுவே சோனி குழுமத்தின் இசைப் பிரிவைச் சேர்ந்த அனிப்ளெக்ஸ் 2015-இல் ஃபேட்/கிராண்ட் ஆர்டர் என்ற மொபைல் கேமை வெளியிட்டு மலைமலையாகச் சம்பாதித்தது. ஜப்பானியரின் கையிலிருந்த திரையிலிருந்து சோனிக்குக் காசு வந்தது, பிளேஸ்டேஷன் வாசல் வழியாக இல்லை.

தப்பிய ஸ்டுடியோக்களுக்கு என்ன ஆனது? பெண்ட் கோல்டன் அபிஸுக்குப் பிறகு, இடையில் வீட்டாவுக்கே ஒரு சின்னச் சீட்டு கேமைத் தவிர, 2019-இல் டேஸ் கான் வரும்வரை எதுவும் வெளியிடவில்லை. ஏழு வருடம். கையடக்கத்திலிருந்து பெரிய கன்சோலுக்கு ஏறுவது என்றால் ஆட்களைக் கூட்டி, எஞ்சினை மாற்றி, ஒரே கேமில் எல்லாவற்றையும் பந்தயம் வைப்பது. அடுத்து அவர்கள் செய்துகொண்டிருந்த இணைய கேமை 2025 ஜனவரியில் சோனி ரத்து செய்தது. கேம்பிரிட்ஜ் 2013-இல் கில்ஸோன் மெர்சினரியைச் செய்தது, வீட்டாவில் அதைவிட அழகான துப்பாக்கி கேம் கிடையாது. அடுத்து அவர்களை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? 2016-இல் வந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் கருவியின் தொடக்க கேமுக்கு. 2017 ஜனவரியில் மூடினார்கள். மறுபடியும் ஒரு துணைக் கருவி, மறுபடியும் அதே வரிசையில் நின்றவர்கள்.

லிவர்பூலிலிருந்து வெளியே வந்தவர்கள் சிலர் அதே ஊரில் 2012-இலேயே ஃபயர்ஸ்ப்ரைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறு வருடம் வந்த ஒவ்வொரு பிஎஸ்4-க்குள்ளும் இருந்த தி பிளேரூம் என்ற கேமில் அவர்கள் கைவேலை இருந்தது. 2021 செப்டம்பரில் சோனியே அவர்களை வாங்கியது. ஒன்பது வருடம் முன்னால் சும்மா வெளியே அனுப்பிய திறமைக்கு இப்போது விலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கையிலிருந்து வந்த பெரிய வேலை? இரண்டாவது விஆர் கருவியின் தொடக்க கேம். 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 900 பேரை நீக்கியபோது குறைப்பு வரும் இடங்களில் ஃபயர்ஸ்ப்ரைட்டின் பெயரும் இருந்தது. வைப்அவுட் 2048 மட்டும் தப்பித்து, 2017-இல் பிஎஸ்4 தொகுப்பு ஒன்றில் புதுப்பூச்சோடு சேர்ந்துகொண்டது.

நின்டெண்டோ அதே வருடங்களில் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே தடுமாறியது வீட்டுக் கன்சோல். வீ யூ மொத்தமே 1.36 கோடிதான் விற்றது. கையடக்க அணி, கன்சோல் அணி என்ற சுவரை 2013-இல் வன்பொருள் பக்கத்தில் இடித்தார்கள், 2015-இல் மென்பொருள் அணிகளையும் ஒன்றாக்கினார்கள். 2017-இல் ஸ்விட்ச் வந்தது. கேம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கருவி, எனவே தப்பான கருவிக்கு அனுப்பப்பட்ட அணி என்று ஒன்று அங்கே இருக்க முடியாது.

சோனி 2023 நவம்பரில் பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கைக்கருவியை 200 டாலருக்குக் கொண்டுவந்தது. எட்டு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பிஎஸ்5 கன்ட்ரோலரை வெட்டி ஒட்டியது போல. அதற்குள் எந்த கேமும் ஓடாது. வீட்டிலிருக்கும் பிஎஸ்5-இல் ஓடுவது வைஃபை வழியாக அதில் தெரியும், பிறகு கிளவுடிலிருந்தும் வரத் தொடங்கியது. மெமரி கார்டு இல்லை, கேம் கார்டு இல்லை, போர்ட்டலுக்கென்று கேம் செய்ய ஒரு ஸ்டுடியோவும் அனுப்பப்படவில்லை.